நனி என்ற உரிச்சொல்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிப் புதுப்பாளையத்தில் கூடும் கால்நடைச் சந்தைக்குச் சில வருஷங்களாகப் போய்வருகிறேன். திப்பு சுல்தான் இங்கே குதிரை வாங்கினார் என்று சொல்வார்கள். பழைய சந்தைகள் எல்லாமே தமக்கென்று ஒரு ராஜாவை வைத்துக்கொள்கின்றன. ஒருமுறை கோவையிலிருந்து ஓர் இளம் நண்பரும் உடன் வந்தார். கவிதை எழுதுகிறவர். கறி முட்டை மட்டுமின்றிப் பால், தயிர், நெய், தேன் எல்லாவற்றையும் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. கடையில் காப்பிக்குப் பால் வேண்டாம் என்றார்.

“சைவங்களா?” என்றார் கடைக்காரர்.

“சைவத்துக்கும் மேலங்க.”

“பாலு சைவந்தானுங்களே?” என்றபடி வரக்காப்பி போட்டுக் கொடுத்தார்.

நண்பர் சிரித்தார். எனக்கு அந்த ‘மேல’ உறுத்திற்று.

1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் கூட்டாளிகள் சிலரும், பாலும் முட்டையும் உண்ட மரக்கறிக்காரர்களிடமிருந்து பிரிந்து, தங்களுக்கென்று ‘வீகன்’ என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்டார்கள். நம்மவர்கள் அதை ‘நனிசைவம்’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். நனி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். தொல்காப்பியத்திலும் உண்டு, நன்னூலிலும் உண்டு. நன்னூல் செய்த பவணந்தி சமணர். பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரம் அவர் ஊர் என்பது மரபு. பக்கத்து விஜயமங்கலத்தில் சந்திரப்பிரபருக்குக் கோயில் இன்னும் நிற்கிறது. கொல்லாமையை முதல் விரதமாக வைத்திருந்தவர்கள் வாழ்ந்த நாடு இது. ஆனால் புலால் உண்ணாமைக்கு இங்கே நிலைத்த பெயர், அவர்களை எதிர்த்து வென்ற சமயத்தின் பெயர். ஆங்கிலத்தில் அந்த உணவுக்குக் காய்கறியை ஒட்டிப் பெயர் வைத்தார்கள். நாம் மதத்தின் பெயரை வைத்தோம். அதன் தலையில் இப்போது ‘நனி’யையும் ஏற்றியிருக்கிறோம். பவணந்தி இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்ற பலகையைப் படித்த எவரும் கேட்கமாட்டார்கள். அங்கே சைவம் என்றால் சாதி. அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டத்தகாதவர்கள்’ நூலில், பிராமணர் மாட்டிறைச்சியை விட்டது பௌத்தத்தை முந்துவதற்காக என்றும், விடமுடியாமல் செத்த மாட்டைத் தின்ன நேர்ந்தவர்கள் தீண்டாமைக்குள் தள்ளப்பட்டார்கள் என்றும் வாதிட்டார். அவருடைய காலக்கணக்கோடு சரித்திரக்காரர்கள் முரண்படலாம். விலக்கு என்பது யாரை விலக்குகிறது என்ற அவருடைய கேள்வியிலிருந்து தப்பிக்க வழியில்லை.

எனக்கு அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல. என் தாத்தா வீடு சுத்த சைவம். கிணறு அறுபதடி ஆழம். பைகாரா மின்சாரம் 1930-களிலேயே கோவைப் பக்கம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்துக்கு மோட்டார் வர முப்பது வருஷம் பிடித்தது. அதுவரை கவலைதான். எருதுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வரும். சாலோடு சேர்த்துக் கட்டிய தோல்குழாய் வழியாகத் தண்ணீர் வாய்க்காலுக்குப் பாயும். அது மாட்டுத்தோல். தைத்துத் தருகிறவர் அருந்ததியர் வளவிலிருந்து வருவார். வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தானியம் என்பது அவர் கூலி. உழைத்துச் செத்த எருதை இழுத்துப் போவதும் அவர்தான். அதன் தோல் எங்கள் கிணற்றுக்குத் திரும்பி வரும், கறி அவர் வீட்டுக்குப் போகும். அந்தத் தோல் வழி வந்த தண்ணீரில் விளைந்த கத்தரிக்காயும் ராகியும் சைவம். தைத்தவர் அசைவம். அவருக்குக் கொட்டாங்குச்சியில் கஞ்சி ஊற்றுவார்கள். ஏழெட்டு வயதில் நானே ஊற்றியிருக்கிறேன், மேலே படாமல்.

கொல்லாமை ஒன்றையே அளவுகோலாக வைத்தால், தானாகச் செத்த மாட்டைத் தின்றவர் எந்த உயிரையும் கொல்லவில்லை. கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்த பாலைக் குடித்த நாங்கள்தான் அளவுகோலுக்கு அருகில் மாட்டிக்கொள்கிறோம். ஆனால் தீட்டு அவருக்கு வந்தது. ஆக அங்கே நடந்தது கொல்லாமை அல்ல, வேறு ஏதோ.

அரசு இதில் கை வைத்ததும் நினைவுக்கு வருகிறது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு அதை எழுப்பியது. கிராமத்துச் சாமிகளுக்குக் கிடா வெட்டு நின்றது. கசாப்புக் கடையை அது தொடவில்லை. 2004-இல் சட்டமே ரத்தானது.

பாலை விட்டவர் என்று நமக்குத் தெரிந்த பெரிய உதாரணம் காந்திதான். கல்கத்தாவில் பால்காரர்கள் மாட்டை வதைத்துப் பால் சுரக்கவைக்கும் முறையைப் படித்தறிந்த அவர், 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். சீதபேதியில் படுத்தபோது ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கஸ்தூர்பா. விரதம் எடுத்தபோது மனதில் இருந்தது பசுவும் எருமையும்தானே என்று சமாதானம் செய்துகொண்டு குடித்தார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டதாக ‘சத்திய சோதனை’யில் அவரே ஒப்புக்கொள்கிறார். விரதத்தைக் காட்டிலும் இந்த ஒப்புதல்மேல் எனக்கு மரியாதை அதிகம். தன்னை ‘மேல’ என்று வைத்துக்கொண்டவர் இதை எழுதியிருக்க முடியாது.

இன்றைய நிலவரத்தில் நண்பரின் பக்கம் நியாயம் கூடியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். உழவு டிராக்டருக்குப் போனபின் காளைக்கன்றுக்கு வேலையில்லை. ஜெர்சிக் கலப்பில் பிறந்த காளைக்கன்றுக்கு இன்னும் இல்லை. பால் வேண்டுமென்றால் பசு ஈனவேண்டும். ஈன்றதில் பாதி காளை. பால் வற்றிய பசுவும் வேண்டாத கன்றும் பொள்ளாச்சிச் சந்தை வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. 2017 மே மாதம் மத்திய அரசு சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்து விதி போட்டது. ஒரே வாரத்தில் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்தது. அந்த விதியை ஆதரித்தவர்களில் தயிரை விட்டவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

பர்கூர் மலை மாடுகள் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுக்கள். கன்னடம் பேசும் லிங்காயத்துகள் காட்டில் பட்டி போட்டு வளர்க்கிறார்கள். புலால் உண்ணாதவர்கள். பால் சொற்பம், வளர்த்தது எருவுக்கும் ஏருக்கும். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலைத் தடைசெய்து, பிறகு சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்களுக்கு மட்டும் என்று மாற்றியது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு ‘தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம்’ ஆயிற்று. மாட்டுக்கறியில் தவறில்லை என்ற ஈரோட்டுக்காரரின் பெயரால், மாடு தின்னாதவர்களின் மாட்டுக்கு மேய்ச்சல் சந்தேகமாகிவிட்டது.

சந்தையில் அப்படியொரு மாட்டின் பக்கத்தில் நின்றிருந்தவரிடம் நண்பர் கேட்டார்: “எவ்வளவு கறக்குங்க?”

“கறக்க வுடாதுங்க. கன்னு குடிச்சது போக இருந்தாத்தான்.”

நண்பர் வெகுநேரம் அங்கேயே நின்றார். வீகன்களின் உலகத்தில் இந்த மனிதருக்கு இடமுண்டா என்று நான் கேட்க நினைத்துக் கேட்கவில்லை. நான் இன்றும் பால் குடிக்கிறவன். கேட்கும் யோக்கியதை குறைவு.

பஸ்ஸில் திரும்பும்போது, நனிசைவத்தை விட்டால் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்வது என்றார். “கறியும் பாலும் சாப்பிடுவதில்லை என்று சொல்லுங்களேன், செய்வது அதுதானே” என்றேன்.

“ரொம்ப நீளமா இருக்குதுங்க” என்றார்.