உலோக மாசூட்டல்: ஒளிவினையூக்கும் நானோபடிகங்களில்

குறைகடத்தி நானோபடிகத்துக்குள் வேற்று உலோக அயனிகளைச் சிறிதளவு புகுத்தி அதன் ஒளி, மின் பண்புகளை மாற்றுவது உலோக மாசூட்டல் எனப்படும். சாயக்கழிவு நீரை வெயிலைக் கொண்டே தூய்மையாக்க முயலும் ஆய்வுகளில் இது முக்கிய உத்தி. பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைகள் காவிரிக் கரையில் இருப்பதால் நாமக்கல் மாவட்டத்துக்கு இது தொலைவான அறிவியல் அன்று.

இத்துறையின் அடிப்படைப் பொருள் டைட்டானியம் டைஆக்சைடு. அதன் மின்முனையில் ஒளி பாய்ச்சி நீரைப் பிரிக்கலாம் என 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டினர். ஒளி பட்டதும் எலக்ட்ரான் கடத்தல் பட்டைக்குத் தாவும். இணைதிறன் பட்டையில் துளை எஞ்சும். அத்துளை நீரோடு வினைபுரிந்து உண்டாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் சாய மூலக்கூறைச் சிதைக்கின்றன. ஆனால் அனடேஸ் வகைப் படிகத்தின் ஆற்றல் இடைவெளி சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். எனவே புற ஊதாக் கதிர் மட்டுமே பயன்படும். வெயிலில் அதன் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடுதான். போதாக்குறைக்கு, எலக்ட்ரானும் துளையும் வேலை செய்யுமுன்பே பெரும்பாலும் மீண்டும் இணைந்துவிடுகின்றன.

இக்குறைகளைக் களையவே உலோக அயனிகளைப் புகுத்துகின்றனர்; ஆனால் எல்லா உலோகமும் உதவுவதில்லை. சேந்தமங்கலத்தை அடுத்த கொல்லிமலையில் அலுமினியத் தாதுவான பாக்சைட் உண்டு. சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு. வட்டாரத்தின் இவ்விரு உலோகங்களும் இப்படிகத்துக்குள் எதிரெதிராக நடந்துகொள்கின்றன. சோய், டெர்மின், ஹாஃப்மன் ஆகியோர் 2 முதல் 4 நானோமீட்டர் அளவுள்ள டைட்டானியம் டைஆக்சைடில் 21 உலோக அயனிகளைச் சோதித்து 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். 0.1 முதல் 0.5 விழுக்காடு இரும்பு (Fe³⁺) வினைத்திறனைக் கூட்டியது. அலுமினியம் (Al³⁺) குறைத்தது. இரும்பு அயனியின் ஆரம் டைட்டானியத்தினுடையதற்கு நெருக்கமானது என்பதால் அதன் இடத்தில் எளிதில் அமர்கிறது. எலக்ட்ரானையும் துளையையும் சிறிது நேரம் பிடித்துவைத்துப் பின் விடுவிக்கவும் அதனால் முடியும். நிரம்பிய எலக்ட்ரான் கூடு கொண்ட அலுமினிய அயனிக்கு அத்திறன் இல்லை.

இரும்பாயினும் அளவு மீறினால் கேடுதான். இவ்வாறு பிடித்துவைக்கும் பொறியிடங்கள் நெருங்கிவிட, அவையே எலக்ட்ரானும் துளையும் இணையும் இடங்களாகின்றன. படிகம் மிகச் சிறியதானால் வேற்று அயனிகள் உள்ளே தங்காமல் மேற்பரப்புக்கு ஒதுக்கப்படுவதும் உண்டு. வெள்ளியின் வழி வேறு: அது பெரும்பாலும் மேற்பரப்பில் நுண்துகளாகப் படிந்து எலக்ட்ரானை ஈர்த்துக்கொள்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெள்ளி சேர்த்த டைட்டானியம் டைஆக்சைடால் அசோ சாயங்களைச் சிதைத்துக் காட்டினர்.

சாயத்தின் நிறம் போனதை மட்டும் வெற்றியாகக் கொள்வது தவறு. சாயமே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைப் படிகத்துக்குத் தந்து, தானும் வெளுத்துப்போகலாம். பட்டறைக் கழிவில் நிறைந்திருக்கும் உப்புகளும் தனி உறுப்புகளை விழுங்கிவிடும். கரிமக் கார்பன் குறைந்ததையும், புகுத்திய உலோகம் நீரில் கசியாததையும், அதே படிகம் திரும்பத் திரும்பப் பயன்பட்டதையும் காட்டாத ஆய்வைச் சாயப்பட்டறைக்குப் பரிந்துரைக்க இயலாது.