உடுவில் தேவாலயம்: யாருடைய பெயர்கள் மிஞ்சின?

எங்கட ஊர்த் தேவாலயங்களின் சுவரைப் பார்த்தாலே யாழ்ப்பாணத்தை யார் யார் ஆண்டார்கள் என்று தெரியும். உடுவிலும் அப்படித்தான். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கக் கோயில். 1658க்குப் பிறகு ஒல்லாந்தரிடம். 1672இல் போதகர் பால்தேயுஸ் வெளியிட்ட நூலில் உடுவில் தேவாலயத்தின் படம் இருக்கு. அந்தக் காலக் கோயில்களுக்கு முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தான் பலம். 1820இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து, பாழடைந்து கிடந்ததைத் திருத்தினார்கள்.

சுவர் சொல்லாத கதைக்குச் சேமக்காலைப் பக்கம் திரும்பவேணும். 1824இல் இங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ, 1833இல் 36 வயதில் இறந்து, உடுவில் மண்ணிலேயே அடக்கமானார். அவருடைய கணவர் மைரன் வின்ஸ்லோவை 1862இல் வந்த தமிழ்–ஆங்கில அகராதியால் நாங்கள் அறிவோம். ஹரியட்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹரியட்டுக்காவது ஒரு பெயர் மிஞ்சியது. அவரிடம் படிக்க வந்த பிள்ளைகள் பலருக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்களையே வைத்தார்கள். வீட்டில அம்மா கூப்பிட்ட பெயர் மிஷன் பதிவில் பின்னுக்குப் போயிற்று. எழுத்தைக் கொடுத்த இடமே பெயரையும் மாற்றியது. உடுவிலின் வரலாற்றை எழுதப் போனால் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் எழுதவேணும்.