கும்பினிப் படையினின்று அரசியார் படைக்கு: 1859 ஆம் ஆண்டின் ஒப்பந்த வழக்கு

1858 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தால் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி முடிவுற்று, இந்நாட்டின் அரசுரிமை விக்டோரியா அரசியாரைச் சார்ந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் வெளியான பேரறிக்கையைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் அச்சட்டத்தின்வழி நிலமும் கருவூலமும் கைமாறியதுபோலவே, கும்பினியிடம் ஊதியம் பெற்று வந்த ஐரோப்பியப் படைஞரும் கைமாறினர் என்பதும், அதனை அவர்கள் வாளா ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றன. வெள்ளையர் கலகம் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் குறிக்கும் அந்நிகழ்ச்சி கலகமன்று. ஓர் ஒப்பந்தத்தின் பொருள் யாது என்பது பற்றி எழுந்த வழக்கேயாகும். அவ்வழக்கினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைமாட்சி அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர் படையினை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என அறுவகைப்படுத்துவது தமிழ் கற்றார் அறிந்ததே. கும்பினியின் ஐரோப்பியப் படையை இவற்றுள் எதனுள் அடக்குவது? கூலி பெற்றுப் பணிசெய்தமையால் கூலிப்படை எனலாம். ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஒரே கொடியின்கீழ் நின்றமையால் மூலப்படையின் இயல்பும் அதற்கு உண்டு. இவ்விரண்டு இயல்புகளும் ஒன்றோடொன்று முரணியதே பின்னர் எழுந்த சிக்கலுக்கு வித்தாயிற்று என்பது எம் கருத்து.

இந்தியாவில் அக்காலத்து வெள்ளையர் படை இரு கூறாக இருந்தது. ஒன்று, இங்கிலாந்து அரசின் படை. அதன் பிரிவுகள் சில ஆண்டுகள் இங்குத் தங்கிப் பின்னர்த் தாயகம் திரும்பும், அல்லது வேறு குடியேற்ற நாட்டிற்குச் செல்லும். மற்றொன்று, கும்பினியின் சொந்தப் படை; அது இந்நாட்டை விட்டு நீங்குவதில்லை. 1857 ஆம் ஆண்டிற்கு முன் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் மும்மூன்றாக ஒன்பது ஐரோப்பியக் காலாட்படைப் பிரிவுகளும், அவற்றோடு பீரங்கிப்படையும் கும்பினிக்கு இருந்தன. சென்னையின் பீரங்கிப்படைக்குப் பரங்கிமலையே தலைமையிடம். சென்னையின் முதல் ஐரோப்பியப் பிரிவு, 1748 இல் கடலூர்ப் புனித டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்த ஸ்டிரிஞ்சர் லாரன்சு ஒழுங்குபடுத்திய படையணிகளிலிருந்து வளர்ந்தது. தமிழகத்தின் கருநாடகப் போர்கள் அனைத்திலும் அதன் பெயர் காணப்படும். கும்பினி, கும்பினியார், பட்டாளம், சிப்பாய் முதலிய சொற்கள் நம் மொழியில் ஊன்றியதும் அப்போர்க் காலத்திலேதான்.

கும்பினிப் படைஞன் இந்நாட்டிலேயே இருந்தான், இங்கேயே மணந்தான், முதுமையில் பலர் இங்கேயே தங்கினர். சென்னைக்கு அண்மையிலுள்ள பூவிருந்தவல்லி, பல்லாவரம், திருப்பாச்சூர் ஆகிய ஊர்களில் ஓய்வுபெற்ற ஐரோப்பியப் படைஞர் குடும்பத்துடன் வாழ்ந்தனர். படையிற் சேர்ந்தபோதே அவன் தெரிந்தெடுத்தது ஒரு நாட்டையும் ஒரு வாழ்க்கை முறையையும்தான், வெறும் ஊதியத்தையன்று. அரசின் படையிற் சேர்ந்திருப்பின் கனடாவுக்கோ மேற்கிந்தியத் தீவுகளுக்கோ அனுப்பப்பட்டிருப்பான்.

இனி ஒப்பந்தத்தின் இயல்பை நோக்குவோம். 1847 ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் படையில் ஆயுட்காலப் பணியை ஒழித்துக் காலாட்படைக்குப் பத்தாண்டு, குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் பன்னிரண்டாண்டு எனத் தொடக்கக்கால வரம்பு விதித்தது. காலம் முடிந்தவன் விரும்பினால் மீண்டும் ஒப்பந்தம் செய்து முறையே இருபத்தோராண்டும் இருபத்துநான்காண்டும் நிறைவு செய்யலாம். கும்பினிப் படையிலும் காலவரம்புடைய ஒப்பந்தங்கள் வழக்கில் இருந்தன. படையிற் புதிதாய்ச் சேர்பவன் கையில் ஒரு தொகை இனாமாக அளிக்கப்படுவது இரு படைக்கும் பொது.

இங்குக் கருத வேண்டிய பழைய வழக்கம் ஒன்றுண்டு. அரசின் படைப்பிரிவு ஒன்று இந்தியாவில் தன் காலம் முடிந்து தாயகம் திரும்பும்போது, இங்கேயே தங்க விரும்பும் வீரர்கள் இங்கிருக்கும் வேறொரு பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். அவ்வாறு மாறுவோனிடம் விருப்பம் கேட்கப்படும். மாறினால் இனாமும் தரப்படும். அந்நாட்களில் பாளையங்களில் கட்டுப்பாடு தளர்ந்து குடியும் கூத்தும் மிகுந்தன. அக்களியாட்டம் எவ்வாறாயினும், அதன் உட்பொருள் தெளிவானது: ஒரு பிரிவினின்று மற்றொரு பிரிவுக்கு மாறுதல் வீரனின் இசைவாலும், அவ்விசைவுக்கு ஈடான பணத்தாலுமே நிகழும் என்பது படைஞர் உள்ளத்தில் பதிந்த மரபாயிற்று. எழுதாச் சட்டமாகிய இம்மரபை அறியாதார்க்கு 1859 இல் நிகழ்ந்தது வெறும் பணப் பேராசையாகவே தோன்றும்.

1858 ஆம் ஆண்டுச் சட்டமோ இசைவு கேட்கவில்லை. கும்பினியின் படைகள் இனி அரசியாரின் இந்தியப் படைகள் எனக் கருதப்படும் என்றும், பணிக்கடமை, ஊதியம், ஓய்வூதியம் யாவும் முன்போலவே தொடரும் என்றும் அது கூறியது. வீரர்கள் கூறிய வாதம் எளிது. நாங்கள் ஒப்பந்தம் செய்தது கும்பினியோடு. கும்பினியின் ஆட்சி இன்று இல்லை. ஆகவே எங்கள் ஒப்பந்தம் முடிந்தது. அரசியார்க்குப் பணிசெய்ய வேண்டுமாயின் எங்களைக் கேளுங்கள், புதிய ஒப்பந்தத்திற்குரிய இனாம் தாருங்கள், அல்லது விடுதலை தாருங்கள் என்றனர். ஆடுமாடுகளைப் போல் ஓர் உடைமையாளனிடமிருந்து மற்றோர் உடைமையாளனுக்கு மாற்றப்பட்டோம் என்ற மனக்குறை அவர்களிடையே பரவியது. சட்ட அறிஞரோ வேறு கருதினர்: கும்பினி அரசின் பெயராலேயே ஆட்சி நடத்தியது, வீரன் செய்த உறுதிமொழியிலேயே அரசியார்பால் கொண்ட கடப்பாடும் அடங்கும், பாராளுமன்றம் நினைத்தால் ஒப்பந்தத்தின் ஒரு தரப்பை மாற்றலாம் என்பது அவர்தம் முடிவு.

சட்டநெறியால் நோக்கின் இம்முடிவு பிழையுடையது என்று கூறல் அரிது. ஆயினும் சட்டம் கூறுவது ஒன்று, படையைப் பற்றி நிற்கும் நம்பிக்கை மற்றொன்று. இரண்டும் மோதியபோது எது நின்றது என்பதையே நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

1859 ஏப்ரலில் வீரர்களின் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று என அறிவிக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் மீரட்டுப் பாளையத்தில் வீரர்கள் கூட்டங் கூடிப் பணிசெய்ய மறுத்தனர். பாளையச் சுவர்களில் எழுத்துகள் தோன்றின. வேறு ஊர்களுக்கும் கிளர்ச்சி பரவியது. வங்காளத்துப் பெருகாம்பூரில் ஐந்தாம் ஐரோப்பியப் பிரிவு வெளிப்படையாகவே கீழ்ப்படிய மறுத்தது. துப்பாக்கி ஒன்றும் வெடிக்கவில்லை; அதிகாரி எவரும் கொல்லப்படவில்லை. அரசோ, ஒவ்வொரு பாளையத்திலும் விசாரணை மன்றம் அமைத்து வீரர் ஒவ்வொருவரும் தம் குறையைக் கூற இடமளித்தது.

ஈண்டுச் சற்றே நின்று எண்ண வேண்டும். இதே மீரட்டில் சரியாக ஈராண்டுக்கு முன், 1857 மே மாதம் 9 ஆம் நாள், மூன்றாம் குதிரைப்படைப் பிரிவைச் சேர்ந்த இந்திய வீரர் எண்பத்தைவர் தோட்டாக்களைத் தொட மறுத்த குற்றத்திற்காக அணிவகுப்பு மைதானத்தில் அனைவரும் காண விலங்கிடப்பட்டனர். அவருட் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டுக் கடுங்காவல். அவர்களும் துப்பாக்கி எடுக்கவில்லை, மறுத்தனர், அவ்வளவே. அவர்களுடைய மறுப்பு சமயத்தைப் பற்றியது, வெள்ளையருடையது ஒப்பந்தத்தைப் பற்றியது என்று வேறுபாடு கூறலாம். எனினும் ஒரே பாளையத்தில், ஒரே குற்றத்திற்கு, ஒருவர்க்கு விலங்கும் மற்றவர்க்கு விசாரணை மன்றமும் வாய்த்தன என்ற உண்மையை அவ்வேறுபாடு மறைத்துவிடாது. வேலூரில் 1806 இல் நிகழ்ந்ததை அறிந்த தமிழர்க்கு இது புதுமையன்று.

படைத்தலைவர் கிளைடு பிரபுவும், ஆளுநர் நாயகம் கானிங்கு பிரபுவும் வெள்ளையர் படையை வெள்ளையர் படையைக் கொண்டே அடக்குவதன் இடரை நன்கு உணர்ந்தனர். 1859 ஜூன் மாதத்தில் கானிங்கு ஆணை பிறப்பித்தார்: விரும்புவோர் விடுதலை பெறலாம், கப்பற் செலவும் அரசினுடையது, ஆனால் மீண்டும் சேர்வதற்கு இனாம் இல்லை. பெரும்பாலோர் தங்கிவிடுவர் என்ற அரசின் எதிர்பார்ப்பு பொய்த்தது. ஏறத்தாழ பதினையாயிரம் பேருள் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் விடுதலை கேட்டனர். சிறு தொகையான இனாமை மறுத்து, அதனினும் மிகுந்த கப்பற் கூலியைச் செலுத்தி, பயிற்சி பெற்ற படையையும் அரசு இழந்தது. இங்கிலாந்து சென்று இறங்கியவர்களுட் பலர் அங்கே அரசின் படையில் மீண்டும் சேர்ந்தனர் என்பதைக் காணும்போது, அவர்கள் வெறுத்தது அரசியாரின் பணியை அன்று, கேளாமல் மாற்றப்பட்டதையே என்பது புலனாகும்.

அனைவர்க்கும் அம்மென்மை காட்டப்படவில்லை. ஐந்தாம் ஐரோப்பியப் பிரிவு தானாப்பூருக்கு மாற்றப்பட்ட பின்னும் கீழ்ப்படியாமை தொடர்ந்தது. புதிய படைத்தலைவர் ஹியூ ரோசு காலத்தில், 1860 நவம்பரில், அப்பிரிவின் வீரர் ஒருவர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டார், அப்பிரிவே கலைக்கப்பட்டது.

அதற்குள் கும்பினியின் ஐரோப்பியப் படையின் விதி முடிவாகியிருந்தது. இந்தியாவுக்கெனத் தனி வெள்ளையர் படை இருத்தல் வேண்டும் என்பது கானிங்கின் கருத்து. இலண்டனிலிருந்த இந்தியக் கழகத்தாரும் அதனையே வற்புறுத்தினர். ஆயினும் 1859 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் எதிர்த்தரப்பார் கையில் கூரிய படைக்கலமாயின. 1860 இல் பாராளுமன்றம் தனிப்படையை ஒழித்தது. இம்முறை வீரரிடம் விருப்பம் கேட்கப்பட்டது. பொதுப் பணிக்கு மாறாதார் தம் ஒப்பந்தக் காலம் முடியும்வரை உள்நாட்டுப் பணியிலேயே இருக்கலாம் என்றும் இடமளிக்கப்பட்டது. ஈராண்டுக்கு முன்னரே செய்திருக்க வேண்டியது அதுவே.

அதிகாரிகளின் நிலை வேறு. அவர்களுக்கென 1861 இல் மூன்று மாகாணங்களிலும் அதிகாரிக் குழாம் ஒன்று அமைக்கப்பட்டது. அதிற் சேர்ந்தோர் பிரிவின் மூப்புமுறையால் அன்றிப் பணியாண்டுகளால் உயர்வு பெற்றனர்: பன்னிரண்டாண்டில் காப்டன், இருபதில் மேஜர், இருபத்தாறில் லெப்டினண்ட் கர்னல். போர்க்களத்தில் ஒன்றும் செய்யாமலே ஆண்டுகளை எண்ணி உயரும் நிலை இதனால் வந்ததென்பர். அது தனியே ஆராயத்தக்கது.

சென்னைப் படைகளின் பெயரும் மாறின. பரங்கிமலைப் பீரங்கிப்படையின் ஐரோப்பியப் பகுதி அரசப் பீரங்கிப்படையோடு கலந்தது. காலாட்படைப் பிரிவுகள் மூன்றும் அரசின் வரிசையில் முறையே 102, 105, 108 என்னும் எண்களைப் பெற்றன. 102 ஆம் பிரிவாகிய சென்னை முதற் பிரிவே, 1857 செப்டம்பரில் இலக்குமணபுரியில் வீழ்ந்த நீல் என்பார் தலைமை தாங்கிய பிரிவு. அவர் நிகழ்த்திய கொடுமைகளை நினைந்து, சென்னை மவுண்டுசாலையில் நின்ற அவர் சிலையை அகற்றுமாறு 1927 இல் அறப்போர் நடந்ததும், 1937 இல் இராசாசி அமைச்சரவைக் காலத்தில் அது பொருட்காட்சிச் சாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டதும் அனைவரும் அறிவர். ஆனால் அப்பிரிவு 1881 இல் பம்பாய் முதற் பிரிவோடு இணைக்கப்பட்டு அயர்லாந்தின் டப்ளின் நகரப் பெயரைத் தாங்கியது என்பதும், அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றதை ஒட்டி 1922 இல் கலைக்கப்பட்டது என்பதும் பலர் அறியாதன. கடலூர்க் கோட்டையில் உருப்பெற்ற அப்படை இறுதியில் கலைந்ததும், தன் பெயருக்குரிய நாட்டில் ஆட்சி கைமாறியபோதேயாகும்.