ஜோசப் ஃபெரெட்டியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மரபியலும்

தொண்டை அழற்சி, ஸ்கார்லெட் காய்ச்சல், தோல் கொப்புளங்கள், தசையை அழுகவைக்கும் கடும் தொற்று, அப்புறம் சில வாரம் கழித்துத் தலைகாட்டி இதய வால்வைச் சிதைக்கும் ருமாட்டிக் காய்ச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜெனிஸ் என்ற ஒரே பாக்டீரியா இனம். 2005இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று இதனால் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகக் கணக்கிட்டது. ஒருவருக்கு நான்கு நாள் தொண்டை வலியோடு போவது இன்னொருவரின் உயிரைக் குடிப்பது ஏன் என்பதுதான் இத்துறையின் பழைய கேள்வி. நோயாளியின் உடல்வாகும் எதிர்ப்பாற்றலும் விடையின் ஒரு பகுதி. மறுபகுதியைப் பாக்டீரியாவின் மரபணுக்களில் தேடியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் மையத்தில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஜோசப் ஃபெரெட்டி. இந்தப் பாக்டீரியாவின் நச்சுத்தன்மையில் கணிசமான பங்கு அதற்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்பதே அவருடைய ஆய்வுகளிலிருந்து கிடைக்கும் முடிவு.

ஸ்கார்லெட் காய்ச்சலில் உடல் சிவந்து தடிப்பதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சுரக்கும் நச்சே காரணம் என்பதை 1920களில் சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் டிக், கிளாடிஸ் டிக் தம்பதியர் நிறுவினார்கள். நச்சு சுரக்காத திரிபுகளுக்குக்கூட, சுரக்கும் திரிபின் வடிநீரைச் சேர்த்தால் அந்தத் திறன் வந்துவிடுகிறது என்று 1927லேயே ஒரு சோதனை காட்டியது. வடிநீரில் இருந்தது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் என்று 1964இல் ஜான் சாப்ரிஸ்கி தெளிவுபடுத்தினார். ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ஃபேஜ் நச்சு மரபணுவைச் சுமந்து வருகிறதா, அல்லது பாக்டீரியாவிடம் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் மரபணுவைத் தட்டி எழுப்புகிறதா? 1984இல் ஃபெரெட்டியின் ஆய்வகம் டி12 என்ற ஃபேஜின் டிஎன்ஏவிலிருந்தே ஸ்பீ-ஏ நச்சு மரபணுவைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டில் வேறொரு குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது. மரபணு இருந்த இடமும் கவனிக்கத்தக்கது. ஃபேஜ் பாக்டீரியாவின் குரோமோசோமோடு ஒட்டிக்கொள்ளும் முனைக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருந்தது. அப்படியானால் ஏதோ ஒரு காலத்தில் ஒரு பாக்டீரியாவை விட்டு வெளியேறியபோது ஃபேஜ் பிசகாக வெட்டுண்டு, பக்கத்து மரபணுவையும் இழுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். டி12 நுழையும் இடம் செரின் என்ற அமினோ அமிலத்துக்கான டிஆர்என்ஏ மரபணு. புரதம் செய்ய அது வேண்டும் என்பதால், உடைக்கும் துண்டுக்கு ஈடான பிரதியைத் தன் முனையிலேயே வைத்திருக்கிறது அந்த ஃபேஜ்!

2001இல் ஃபெரெட்டியின் குழு இந்த இனத்தின் முதல் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டது. காயத் தொற்றிலிருந்து எடுக்கப்பட்ட எஸ்எஃப்370 என்ற எம்1 வகைத் திரிபு அது. நீளம் 18,52,442 டிஎன்ஏ எழுத்துகள், கணிக்கப்பட்ட புரத மரபணுக்கள் 1,752. நோயோடு தொடர்புடையவையாகத் தோன்றியவை 40க்கும் மேல். குரோமோசோமுக்குள் நான்கு இடங்களில் ஃபேஜ் டிஎன்ஏ கிடந்தது. நோயெதிர்ப்புச் செல்களைக் கண்மண் தெரியாமல் தூண்டிவிடும் சூப்பர் ஆன்டிஜென்கள், டிஎன்ஏவை வெட்டும் நொதிகள் ஆகியவற்றின் மரபணுக்கள் முதல் மூன்றில் இருந்தன. நான்காவது துண்டில் நச்சு மரபணு கிடையாது. ஆனால் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணுக்களுக்கு நடுவே அது குடியிருக்கிறது. பாக்டீரியா வேகமாகப் பெருகும்போது விலகிக்கொள்கிறது, வளர்ச்சி நின்றதும் திரும்ப நுழைந்து திருத்தும் வேலையை முடக்குகிறது. என் பார்வையில் மற்ற மூன்றையும்விட இதுவே விசித்திரமானது.

நச்சுத்தன்மையில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வந்தது என்ற முடிவுக்கு எதிராகச் சொல்லக்கூடியவை லேசானவை அல்ல. வெள்ளணுக்களிடமிருந்து பாக்டீரியாவைக் காக்கும் எம் புரதத்தை ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார்; அதன் மரபணு குரோமோசோமுக்கே உரியது, எந்த ஃபேஜும் கொண்டுவந்ததல்ல. ஆகவே அடிப்படைத் திறன் சொந்தம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் எம் புரதத்தை வைத்து வகுக்கப்பட்ட எம்1 என்ற ஒரே வகைக்குள்ளேயே சாதுவான திரிபும் கொடிய திரிபும் இருப்பதை எம் புரதத்தால் விளக்க முடியாது. ஒரு திரிபை வைத்து இனத்தையே எடைபோடலாமா என்பது இரண்டாவது கேள்வி. எஸ்எஃப்370இல் ஸ்பீ-ஏ கூட இல்லை. உண்மையில் அந்தக் குறையே பின்னால் பயன்பட்டது. 1980களில் உலகெங்கும் பரவிய கடும் எம்1 திரிபை அதோடு ஒப்பிட்டபோது, ஸ்பீ-ஏவைச் சுமந்த ஃபேஜ், வெள்ளணுக்கள் விரிக்கும் டிஎன்ஏ வலையை அறுக்கும் நொதியைச் சுமந்த மற்றொரு ஃபேஜ், வேறொரு ஸ்ட்ரெப்டோகாக்கஸிலிருந்து வந்த 36,000 எழுத்துப் பகுதி ஆகியவையே பெரிய வேறுபாடுகள் எனத் தெரிந்தது. ஜேம்ஸ் மஸ்ஸர் குழு 2014இல் 3,615 மரபணுத்தொகுதிகளை அலசி, அந்தப் பகுதி வந்து சேர்ந்த காலத்தை 1983ஐ ஒட்டி நிறுத்தியது. அது ஃபேஜ் வழியாக வந்ததென்று சொல்ல முடியாவிட்டாலும் இரவல் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கோவ்-ஆர், கோவ்-எஸ் என்ற கட்டுப்பாட்டு மரபணுக்களில் ஒரே எழுத்து பிசகினாலும் பாக்டீரியா கொடியதாக மாறிவிடலாம். இங்கிலாந்தில் 2014க்குப் பின் ஸ்கார்லெட் காய்ச்சல் பெருகியபோது தலையெடுத்த எம்1யுகே திரிபும் பழைய எம்1இலிருந்து புது மரபணு எதையும் வாங்கியதால் பிரியவில்லை; 27 ஒற்றை எழுத்து மாற்றங்களே வித்தியாசம். அப்படியிருந்தும் அது ஸ்பீ-ஏவைப் பல மடங்கு கூடுதலாகச் சுரக்கிறது. ஆக, ஃபேஜ் வந்தால் மட்டும் போதாது, வந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் கணக்கில் சேரும். ஆனால் அங்கே கூடிய சுரப்பு ஃபேஜ் விட்டுச்சென்ற அதே மரபணுவின் சுரப்புதான். எம் புரத மரபணுவின் தொடக்கத்தை மட்டும் வாசித்து வகைப்படுத்தும் வழக்கமான முறையில் பழைய எம்1, எம்1யுகே இரண்டும் ஒரே பெயரில் பதிவாகும். அவற்றைப் பிரித்தறிய அந்த ஒற்றை எழுத்து மாற்றங்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.