வலிப்பு என்று எழுதிவிட்டால் போதுமா?

 

போன கிழமை பத்தாம் ஆண்டுக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கும்போது ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: “சேர், எங்கட அம்மம்மாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளாம். ஆறுதான் மிஞ்சினதாம். மற்றதுகள் எதனால செத்தது?” பதில் சொல்லத் தொடங்கவே மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் உம்மம்மா எருக்கலம்பிட்டியில் ஒன்பது பிள்ளை பெற்றவர். வளர்ந்தது ஐந்து. மூன்றாவது பிள்ளையைப் பற்றித்தான் அடிக்கடி சொல்வார். ஏழாம் நாள் முடி இறக்கிப் பேர் வைத்தார்கள். அதுவரை நன்றாக அழுது, நன்றாகப் பால் குடித்த பிள்ளை. எட்டாம் நாள் விடியப் பார்த்தால் வாய் திறக்கவில்லை. தொட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு வில் மாதிரி வளைந்ததாம். பத்தாம் நாள் மௌத்து. ஊரில் “பார்வை” என்றார்கள். உம்மப்பா பதிவுக்காரரிடம் “வலிப்பு” என்றார். அதுவே புத்தகத்தில் ஏறியது.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது. ஆசியாவில் இவ்வளவு பழைய பதிவு உள்ள நாடுகள் குறைவு. ஆனால் வீட்டில் நடந்த மரணத்துக்குக் காரணம் சொன்னது வைத்தியர் அல்ல, வீட்டார். அதனால் பழைய அட்டவணைகளில் குழந்தை மரணம் என்றால் வலிப்பு, பலவீனம், காய்ச்சல் என்றுதான் குவிந்து கிடக்கும். நம் கிழவிகள் மாந்தம், கிரந்தி, கணை என்பார்கள். இது நமக்கு மட்டும் உள்ள குறை அல்ல. லண்டனில் ஜோன் கிராண்ட் என்ற வியாபாரி அந்நகர மரணப் பட்டியல்களைக் கூட்டிக் கழித்து 1662 இல் ஒரு நூல் வெளியிட்டார். பட்டியலில் வயதே இல்லை. “பல்”, “புழு”, “வலிப்பு” என்றிருந்ததையெல்லாம் குழந்தைகளின் கணக்கில் சேர்த்து, பிறக்கும் நூறு பேரில் 36 பேர் ஆறு வயதுக்குமுன் போய்விடுகிறார்கள் என்று மதிப்பிட்டார். பல் முளைத்து எந்தப் பிள்ளையும் சாகாது. பல் முளைக்கும் வயதில் செத்தது, அவ்வளவுதான்.

காரணம் தெரியாவிட்டால் என்ன நட்டம்? 1934–35 மலேரியாவைப் பாருங்கள். கேகாலை, குருநாகல் பக்கம் அடித்த அந்தக் கொள்ளை நோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 1935 இல் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263, ஒரு வயதுக்குமுன் போய்விட்டன. நம் வறண்ட பக்கத்திலோ மலேரியா வருடா வருடம் வரும் விருந்தாளி. அது திடீர் அலையாக வரவில்லை, அதனால் பத்திரிகையில் தலைப்பும் ஆகவில்லை. டிடிடி தெளிக்கத் தொடங்கிய பிறகு 1946 இல் 141 ஆக இருந்த அந்த எண் அடுத்த ஆண்டே 101 ஆனது. அது மருந்தாலா, அதே காலத்தில் பெருகிய வைத்தியசாலைகளாலும் மருத்துவிச்சிகளாலுமா என்று ஆய்வாளர்கள் பல வருடம் வாக்குவாதப்பட்டார்கள். மரணக் காரணம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அந்த வாக்குவாதம் அவ்வளவு நீண்டிருக்காது என்பது என் எண்ணம்.

உம்மம்மாவின் பிள்ளைக்கு வருகிறேன். வைத்தியர் பார்க்காத மரணத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க இன்று ஒரு வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்குப் போய்த் தாயிடம் பொறுமையாகக் கேட்பார். எத்தனையாம் நாள் தொடங்கியது? அதற்குமுன் பால் குடித்ததா? மூச்சு வேகமாக வாங்கியதா? நெஞ்சு உள்ளே இழுத்ததா? அந்த விடைகளை வைத்து வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். இந்தியாவில் இப்படி இலட்சக்கணக்கான வீடுகளில் கேட்டு, 2010 இல் குழந்தை மரணங்கள் பற்றி வெளியிட்டார்கள். மத்திய இந்தியாவின் பெண் குழந்தைகள், தென்னிந்திய ஆண் குழந்தைகளைப்போல ஐந்து மடங்கு விகிதத்தில் நிமோனியாவால் இறந்தது அப்போதுதான் தெரிந்தது. 2022 இல் உலகில் ஐந்து வயதுக்குமுன் இறந்தவர்கள் சுமார் 49 இலட்சம் என்கிறது ஐ.நா. கணக்கு. அவர்களில் பெரும்பகுதியினர், மரணக் காரணத்தை ஒழுங்காகப் பதியாத நாடுகளின் பிள்ளைகள்.

முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்து, மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் வாய் கட்டி, உடம்பு விறைத்தால் அது ஏற்புவலி. தொப்புள் கொடி வழியாகப் போகும் கிருமி. தாய்க்கு ஊசி போட்டால் பிள்ளைக்கு வராது. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு அந்த ஊசி 1969 இல் தொடங்கியது. உம்மம்மாவுக்கு அது பிந்திவிட்டது. “பார்வை” என்று சொல்லி அவரைக் கடைசி வரை குற்றவாளியாக வைத்திருந்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை நலத்தில் இலங்கை முன்மாதிரி என்று உலகம் புகழ்ந்த காலத்தில் அந்த எண்களுக்குள் நாம் எத்தனை பேர் இருந்தோம்? 1987 முதல் 2006–07 வரை நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் மன்னார் சேர்க்கப்படவில்லை. 2001 குடிசன மதிப்பீடும் இங்கே முடிக்கப்படவில்லை. 25 மாவட்டங்களையும் சேர்த்த ஆய்வு 2016 இல்தான். இடையில் 1990 ஒக்டோபரில் நாங்கள் கடலால் கற்பிட்டிக்குப் போனோம். உங்களில் பலர் மடுவுக்கும் மண்டபத்துக்கும் போனீர்கள். முகாமில் பிறந்து தப்பிய பிள்ளைகள் பிறகு உத்தேச வயதுச் சான்றிதழோடு பாடசாலைக்கு வந்தார்கள். தப்பாத பிள்ளைக்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

இன்று குழந்தை இறந்தால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். சிலர் அதைக் குறை பிடிக்க வருவதாக நினைத்துக் கதவைச் சாத்துகிறீர்கள். தயவுசெய்து பேசுங்கள். கிணறு பார்க்க வருபவர்களையும் விடுங்கள். 2016 செப்டெம்பரில் நாடு மலேரியா அற்றது என்று சான்று வந்தது. அந்த வருடக் கடைசியிலேயே இந்தியாவில் நகர மலேரியா பரப்பும் நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. அது நம் கிணறுகளில்தான் பெருகுகிறது.

அந்தப் பிள்ளையிடம், அம்மம்மாவிடம் கேட்கச் சொல்லி ஐந்தாறு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை கொப்பியோடு வந்தது. அம்மம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆறு பிள்ளைகளில் நான்குக்கு விடை இருந்தது. மற்ற இரண்டுக்கும் நேரே, “நினைவில்லை” என்றல்ல, “சொல்ல ஏலாது” என்று எழுதியிருந்தது.