இருப்புப்பாதை ஓரத்துத் தண்ணீர்ப் பானை

வாலாஜாபேட்டைக்குச் சற்று வெளியே இருக்கும் வாலாஜா ரோடு ரயில் நிலையத்திற்கு ஒரு வரலாற்றுப் பெருமை உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடம் அதுவே. அந்நாளில் அந்நிலையத்தை ஆற்காடு என்ற பெயரால் அழைத்தனர். மாட்டு வண்டியில் நாள் கணக்கில் சென்ற ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வழியை மக்கள் சில மணி நேரத்தில் கடந்தனர். இப்பெருமையைப் பலரும் எழுதியிருக்கின்றனர். ஆனால் அந்த வண்டிகளில் வந்தவர்கள் எங்கே உண்டார்கள், யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. சிறிய கேள்வியாகத் தோன்றும் இதில் நம் மார்க்கத்தைச் சேர்ந்த பெரிய பாடம் ஒன்று அடங்கியுள்ளது.

ரயிலுக்கு முன்பும் இது வழிப்போக்கர்களின் ஊராகவே இருந்தது. நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இப்பேட்டை, கடற்கரைக்கும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள மைசூர் நாட்டுக்கும் இடையே நடந்த வணிகத்தின் பெருஞ்சந்தையாக விளங்கியது. அக்காலப் பயணி சத்திரத்தில் தங்கினார். தண்ணீர்ப் பந்தலில் தாகம் தீர்த்தார். தம் குல வழக்கப்படி தாமே சோறு பொங்கியோ, கட்டுச்சோற்றை அவிழ்த்தோ உண்டார். நடைப்பயணத்தில் எவரும் தமக்கென ஒரு மர நிழலைத் தேடிக்கொள்ள முடிந்தது. ரயில் பெட்டியோ எல்லாரையும் ஒரே பலகையில் அமர்த்தியது. பசியும் தாகமும் அனைவருக்கும் ஒரே நிலையத்தில் வந்தன.

அந்நாளைய நீராவி எஞ்சினுக்கும் தாகம் உண்டு. குறிப்பிட்ட தொலைவு ஓடியதும் அது நின்று தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டும். நிலக்கரியும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெட்டிகளுக்குள் சமையலறை கிடையாது. ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியும் கிடையாது. ஆகவே எஞ்சின் நீர் அருந்தும் இடமே மனிதரும் நீர் அருந்தும் இடமாயிற்று. இப்பாதை 1862இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை சென்றது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை ஆகிய சந்திப்புகளில் வண்டிகள் நெடுநேரம் நின்றன. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் கல்வி கற்க மலையாள நாட்டிலிருந்து வந்த மாணவர்களுக்கும், 1924இல் தொடங்கப்பட்ட உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாமுக்கு வந்தவர்களுக்கும் இதுவே வழி. இவ்வாறு இருப்புப்பாதை ஓரத்துச் சிற்றுண்டிச் சாலைகள் வளர்ந்தன.

அவற்றோடு பிரிவினையும் வளர்ந்தது. ஐரோப்பியருக்குத் தனி உணவகம், இந்துக்களுக்குத் தனி உணவகம், முஸ்லிம்களுக்குத் தனி உணவகம் என்று பலகைகள் மாட்டப்பட்டன. வட இந்திய நிலையங்களில் ‘இந்து தண்ணீர்’ என்றும் ‘முஸ்லிம் தண்ணீர்’ என்றும் தனித்தனியே கூவி ஊற்றினர். தேநீரும் அவ்வாறே பிரிந்தது. நம் தமிழகத்திலோ இந்து உணவகத்திற்குள்ளேயே பிராமணருக்கு ஓர் இடம், ‘இதரருக்கு’ வேறிடம் என்று தடுப்பு எழுப்பப்பட்டது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்த பின்னரே, 1941இல் அந்தப் பாகுபாடு ரயில் நிலையங்களில் ஒழிந்தது.

மூன்றாம் வகுப்புப் பயணிக்குக் கிடைத்த உணவின் தரமும் இரங்கத் தக்கதே. காந்தியடிகள் 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, வழியில் விற்கப்பட்ட தேநீரின் அழுக்கையும் தின்பண்டங்களின் தூய்மைக் குறைவையும் பொதுமக்கள் முன் எடுத்துரைத்தார். தண்ணீர்ப் பானை யாருடையது என்பதில் காட்டிய அக்கறையை அது தூய்மையாக இருக்கிறதா என்பதில் எவரும் காட்டவில்லை.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தனிப் பானை நமக்கு மார்க்கத்தின் தேவையா?

உணவகத்தைப் பொறுத்தவரை ஒரு நியாயம் உண்டு. முறைப்படி அறுக்கப்பட்ட இறைச்சியே நமக்கு ஹலால். ஆகவே ஹலால் உணவு கிடைக்கும் இடம் எதுவென்று பயணி அறிந்திருப்பது அவசியம். அது உணவைப் பற்றிய செய்தி. பரிமாறுபவர் மீதான வெறுப்பு அன்று.

தண்ணீரின் சட்டம் வேறு. மனிதன் குடித்து மீதம் வைத்த நீர், அவன் எம்மதத்தவனாயினும், தூய்மையானதே என்பது ஹனஃபி சட்ட நூல்களில் மாணவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம். உமர் (ரலி) அவர்கள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வீட்டு நீரில் உளூ செய்த செய்தியை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள்.

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. ஒரு பயணத்தில் நபித்தோழர்கள் தாகத்தால் வருந்தினர். அலி (ரலி) அவர்களும் மற்றொருவரும் நீர் தேடிச் சென்றபோது, இரு தோல் பைகளில் நீர் ஏற்றி ஒட்டகத்தில் வந்த ஒரு பெண்ணைச் சந்தித்தனர். அவர் இஸ்லாத்தை ஏற்காத குலத்தைச் சேர்ந்தவர். நபி (ஸல்) அவர்கள் அப்பைகளிலிருந்து நீரை ஊற்றச் செய்து, அனைவரையும் பருகச் சொன்னார்கள். குளிப்பு கடமையான ஒருவருக்குக் குளிக்கவும் அந்நீரையே கொடுத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் அப்பெண்ணின் பைகளில் நீர் சிறிதும் குறையவில்லை. பின்னர் பேரீச்சம் பழமும் மாவும் திரட்டி அவருக்கு அளித்தார்கள். அந்நன்மை வீணாகவில்லை, பிற்காலத்தில் அப்பெண்ணும் அவர் குலத்தாரும் இஸ்லாத்தைத் தழுவினர். ‘முஸ்லிம் தண்ணீர்’ என்று ஒன்று இருந்திருந்தால், அந்நாளில் அந்தத் தோழர்கள் தாகத்தோடு நின்றிருக்க வேண்டும்.

வழிப்போக்கரின் தாகம் நம் மார்க்கத்தில் அத்தனை எடையுள்ளது. ஜகாத் பெறத் தக்க எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். மறுமையில் அல்லாஹ் கருணையோடு பார்க்காத மூவருள் ஒருவனாக, வழியில் தன்னிடம் மிஞ்சிய நீரைப் பயணிக்குத் தர மறுத்தவனை நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அப்பயணி இன்னாராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை எதுவும் அதில் இல்லை. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா வரையுள்ள பாலை வழியில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைத்ததும், 1908இல் டமாஸ்கஸிலிருந்து மதீனா வந்தடைந்த ஹிஜாஸ் ரயில் பாதைக்கு இந்திய முஸ்லிம்கள் உட்பட உலக முஸ்லிம்கள் நன்கொடை அளித்ததும் இந்த உணர்வினால்தான்.

நாடு விடுதலை பெற்ற பின் நிலையங்களில் மதப் பெயர் தாங்கிய பலகைகள் இறங்கின. அவ்விடத்தில் ‘சைவ உணவகம்’, ‘அசைவ உணவகம்’ என்ற பலகைகள் ஏறின. சொல் மட்டும் மாறியதாக இதை எண்ணலாகாது. முன்னது மனிதனைப் பிரித்தது. பின்னது உணவைப் பிரித்தது. உணவின் வகையை அறிவது உண்பவரின் உரிமை. சமைத்தவரின் பெயரைக் கேட்டு ஒதுங்குவதோ அநீதி. 2024ஆம் ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் காவடி யாத்திரை வழியிலுள்ள கடைக்காரர்கள் தம் பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டபோது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. எவ்வகை உணவு என்பதை எழுதினால் போதும், பெயரை எழுதக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அதன் நிலைப்பாடு. பழைய நிலையத்துப் பானையின் கதை முடிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நமக்கு இழைக்கப்படும் அநீதியைச் சுட்டும் நாம், அதே அளவுகோலை நம்மீதும் வைக்க வேண்டும். பிற சமயத்தவர் அன்போடு நீட்டும் ஒரு குவளை நீரை ஐயத்தோடு பார்ப்பவர்கள் நம்மிடையேயும் உள்ளனர். பேணுதல் என்று அதற்குப் பெயர் சூட்டுகின்றனர். நபி (ஸல்) அவர்களைவிடப் பேணுதல் மிக்கவர் எவருமில்லை.

இன்று மின்சார வண்டிகள் பல நிலையங்களில் ஓரிரு நிமிடமே நிற்கின்றன. விலை கொடுத்து வாங்கும் புட்டி நீர், பானையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் நம் பகுதியின் கோடை வெயில் மாறவில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் குழந்தையோடு நிற்கும் தாயின் தாகமும் மாறவில்லை. தன் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது, தண்ணீர் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அவர் ஒரு கிணறு வெட்டினார்.

நம் பெற்றோர் பெயரால் ஸதகா ஜாரியா செய்ய விரும்புவோர், உரிய அனுமதி பெற்று நிலையத்து வாயிலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் அமைக்கலாம். பானையைக் கழுவித் தூய்மையாக வையுங்கள். குவளையை அருகில் வையுங்கள். அதன் மீது யார் பெயரும் எழுத வேண்டாம். அருந்துபவர் பெயரையும் கேட்க வேண்டாம். எவருக்காகச் செய்தோம் என்பதை அல்லாஹ் நன்கறிவான்.