மருந்தாளர் தொழிலும் 21 சர்வதேச இலக்குகளும்

ஒரு நாட்டின் சுகாதார சேவையை மதிப்பிடும்போது வைத்தியர்களின் எண்ணிக்கையும் வைத்தியசாலைக் கட்டில்களின் எண்ணிக்கையுமே பெரிதும் பேசப்படுகின்றன. வைத்தியர் எழுதும் மருந்து நோயாளியின் கையை உரிய தரத்தில், உரிய அளவில், உரிய அறிவுறுத்தலுடன் சென்றடைகிறதா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு விடுகிறது. அந்தக் கேள்விக்குப் பதிலளிக்க வேண்டியவர் மருந்தாளர்.

இத்தொழிலை அளப்பதற்கான அளவுகோலை 1912 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சர்வதேச மருந்தாளர் கூட்டமைப்பு வகுத்துள்ளது. 2016 இல் சீனாவின் நான்ஜிங் நகரில் இடம்பெற்ற உலக மாநாட்டை அடுத்து மருந்தாளர் ஆளணிக்கென 13 இலக்குகள் முன்வைக்கப்பட்டன. 2020 இல் அவை 21 ஆக விரிவாக்கப்பட்டன. கல்வி, தொழில்நடைமுறை, மருந்து விஞ்ஞானம் ஆகிய மூன்றையும் அவை தழுவி நிற்கின்றன. அனைவருக்கும் தரமான, கட்டுப்படியான விலையில் அத்தியாவசிய மருந்துகள் கிடைக்க வேண்டும் என்ற ஐக்கிய நாடுகள் சபையின் நிலைபேறான அபிவிருத்தி இலக்கும் இவற்றோடு நெருங்கிய தொடர்புடையது. இந்த அளவுகோலில் இலங்கை எங்கே நிற்கிறது?

மருந்துகள் கிடைக்கும் வாய்ப்பு என்ற இலக்கில் எமது நாட்டுக்குப் பெருமைப்படத்தக்க வரலாறு உண்டு. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டது. வர்த்தகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரில் கொள்வனவு செய்யும் கொள்கை அதன்மூலம் வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டது அதற்குப் பின்னர், 1977 இலாகும். எனினும் நாட்டுக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதி இன்னமும் இறக்குமதி செய்யப்படுகிறது. 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தமை இத்தங்கியிருத்தலின் விலையை எமக்கு உணர்த்தியது.

தரக்கட்டுப்பாட்டுக்கென 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. சட்டம் வலுவானதாக இருந்தாலும் அதனை நடைமுறைப்படுத்தும் அமைப்பு வலுவாக இல்லாவிட்டால் பயனில்லை. 2021 இல் அதிகாரசபையின் கணினித் தரவுகள் அழிந்துபோன விவகாரமும், 2023 இல் அம்பலமான தரமற்ற இம்யூனோகுளோபுலின் விவகாரமும் இதற்குச் சான்றாகும். டிஜிட்டல் சுகாதாரம், நோயாளர் பாதுகாப்பு ஆகிய இரு இலக்குகளும் ஏட்டளவில் நிற்கக்கூடாது என்பதையே இவை காட்டுகின்றன.

கல்வித்துறையில் முன்னேற்றம் தெரிகிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், ருஹுணு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்கள் மருந்தாளர் பட்டப்படிப்பை நடத்துகின்றன. ஆனால் பட்டம் பெற்ற மருந்தாளர் களஞ்சியத்தில் மருந்தை எண்ணிக் கொடுப்பவராக மட்டும் பயன்படுத்தப்படுவாராயின் அவர் கற்ற கல்வி வீணாகிறது. நோயாளர் விடுதியில் வைத்தியருடனும் தாதியருடனும் இணைந்து, ஒன்றோடொன்று ஒவ்வாத மருந்துகளையும் பிழையான அளவுகளையும் கண்டறிந்து தடுக்கும் பணி அவருக்கு வழங்கப்பட வேண்டும்.

தனியார் மருந்தகங்கள், சட்டப்படி, இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையிலேயே இயங்க வேண்டும். சுவரில் தொங்கும் பதிவுச் சான்றிதழ் ஒருவருடையதாகவும் மருந்து வழங்கும் கை வேறொருவருடையதாகவும் இருப்பது சட்டத்தை மீறுவதாகும். நோயாளியின் உயிருடன் விளையாடுவதுமாகும். வைத்தியரின் சிட்டையின்றி நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை விற்பனை செய்யும் வழக்கமும் இத்தகைய தளர்ந்த மேற்பார்வையிலேயே வேரூன்றுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகினால் நாளை சாதாரண காயமும் உயிராபத்தாக மாறலாம்.

மக்களை மையமாகக் கொண்ட பராமரிப்பு என்ற இலக்கு எமது வாசகர்களுக்கு மிக அண்மையானது. உணவுக்கு முன்னரா பின்னரா, நாளொன்றுக்கு எத்தனை தடவை என்பதை நோயாளி தமக்குத் தெரிந்த மொழியில் அறிந்துகொள்ள வேண்டும். நீரிழிவுக்கும் குருதி அமுக்கத்துக்கும் பல மருந்துகளை உட்கொள்ளும் முதியவருக்கு உறையில் எழுதப்பட்ட புரியாத ஒரு வரி ஆபத்தானது. நோன்பு காலத்தில் மருந்து நேரத்தை எவ்வாறு மாற்றியமைப்பது என வைத்தியரின் ஆலோசனையுடன் விளக்குவதும் இதே கடமையின் பாற்பட்டதே. தமிழ்மொழி மூல மருந்தாளர்களை வடக்கு, கிழக்கு, மலையகம் மட்டுமன்றித் தமிழ் பேசும் நோயாளர்கள் நாடும் சகல வைத்தியசாலைகளிலும் நியமிப்பது சலுகையன்று. அது சிகிச்சையின் ஓர் அங்கமாகும்.

21 இலக்குகளையும் ஒரே நாளில் எட்டிவிட முடியாது. ஆனால் எந்த மாவட்டத்தில் எத்தனை மருந்தாளர் சேவையில் உள்ளனர், எத்தனை வெற்றிடங்கள் நிலவுகின்றன, எத்தனை மருந்தகங்கள் பரிசோதிக்கப்பட்டன என்ற விபரங்களை ஆண்டுதோறும் மும்மொழிகளிலும் வெளியிடுவதற்குப் பெருநிதி தேவையில்லை. அளக்கப்படாத குறை நிவர்த்திக்கப்படுவதில்லை. சுகாதார அமைச்சு இதனை முதற்பணியாகக் கொள்ள வேண்டும். மருந்தை வாங்கும் மக்களும், அதனைத் தருபவர் பதிவுபெற்ற மருந்தாளர்தானா என வினவத் தயங்கக்கூடாது.